காஹாங்கில் ஒரு நீலக் கோடு

மல்லிகா வாட்ஸப்பில் அனுப்பிய படத்தில் கால்வாசியை அவளுடைய கட்டைவிரல் மறைத்திருந்தது. மீதியில் ஓர் ஆறும், சில கறுப்புக் கட்டங்களும், குழம்புக் கறை ஒன்றும் தெரிந்தன. "இது எங்க பக்கத்துப் பழைய நிலப்படம்க்கா. எந்த இடத்துல தண்ணி ஏறாதுன்னு பாத்துச் சொல்லு" என்று குரல் செய்தி வேறு. விரலை எடுத்துவிட்டு இன்னொரு படம் அனுப்பு என்றேன். அனுப்பினாள். அதில் விரல் இல்லை, ஆறும் இல்லை.

மல்லிகா என் தங்கை. முப்பது வருடத்துக்கு முன்னால் மலேசியாவில் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்குக்குக் கட்டிக்கொடுத்தோம். அவள் கணவர் கணேசன் காஹாங் பக்கத்தில் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் தலைவர். கோயில் இருக்கும் இடம் சாலைக்கு வேண்டுமாம். தோட்டத்துக்காரர்கள் பதிலுக்கு இரண்டு இடங்களைக் காட்டி, வியாழக்கிழமைக்குள் ஒன்றைச் சொல்லிக் கடிதம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது இடம் கிடையாது. அந்தப் பக்கம் வருடக் கடைசியில் வெள்ளம் வரும். ஒரு தடவை கருவறைக்குள்ளேயே தண்ணீர் புகுந்து, உற்சவ அம்மனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இப்போது தப்பான இடத்தைத் தேர்ந்தெடுத்தால் அம்மனை வருடாவருடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

இதில் நான் எங்கே வந்தேன் என்றால், சிவகங்கைப் பக்கம் பாசனப் பிரிவில் முப்பத்தொரு வருடம் படவரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கண்மாய், வரத்துக்கால், மடை, கலுங்கு எல்லாவற்றையும் தாளில் இழுத்து இழுத்தே என் கண் போனது. கடல் தாண்டுவதற்குள் அந்தப் படவரைவாளர் எப்படியோ ஆபீசர் ஆகிவிட்டிருக்கிறாள். ஊரிலிருந்து கவர்மெண்ட் ஆபீசர் வருகிறார், படம் பார்த்துச் சொல்வார் என்று கணேசன் கோயில் கமிட்டியில் சொல்லிவிட்டார். பிறகென்ன, போகவேண்டியதாயிற்று. விமானத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முழங்கால் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கியபோது மழை. திங்கள் காலை எழுந்தபோதும் மழை. எங்கள் பக்கம் மழை வந்தால் குடத்தையும் அண்டாவையும் வெளியே கொண்டுவந்து வைப்போம். இங்கே கொடியில் கிடக்கும் துணியை உள்ளே கொண்டுவருகிறார்கள். "சனியன் நிக்க மாட்டேங்குது" என்று மல்லிகா வானத்தைத் திட்டினாள். ஒரு குடத் தண்ணீருக்காக அம்மாவோடு இரண்டு மைல் நடந்தவள் அவள். எனக்கு வந்த கோபத்தில் அவளைக் கிள்ளலாம் போலிருந்தது. குளியலறைக்குப் போனால் வாளிக்குப் பின்னால் ஒரு தவளை, கொஞ்சம் தள்ளி உட்கார மனமில்லாமல் என்னைப் பார்த்தது.

டீ இன்னொரு பாடு. எனக்குச் சர்க்கரை வியாதி. கடையில் சீனி வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னேன். கட்டிப்பாலைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கொண்டுவந்தார்கள். கட்டிப்பால் சீனியில் சேராது என்பது அந்த ஊர் நம்பிக்கை. "டீ ஓ கோசோங்னு கேக்கணும்" என்று மல்லிகா சொல்லிக்கொடுத்தாள். கேட்டேன். பாலும் இல்லாமல் சீனியும் இல்லாமல் கறுப்பாக ஒன்று வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதாவது ஒன்று இந்த நாட்டில் இருக்கக்கூடாதா என்று கேட்டேன்.

என்னை அழைத்துக்கொண்டு திரிய கமிட்டி ஏற்பாடு செய்திருந்தது சரோஜாவை. என் வயதுதான் இருக்கும். அந்தத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள், இருபது வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். "பசியாறியாச்சாக்கா?" என்று கேட்டபடி கதவைத் திறந்தாள். நான் முன் இருக்கையில் ஏறப்போனேன்.

"அங்க வேண்டாம்க்கா. அது அம்மன் சீட்டு."

வெள்ளத்தின்போது அம்மனை ஏற்றிக்கொண்டு வந்தது இந்த வேனில்தானாம். அம்மன் உட்கார்ந்து வந்த இடம் அது. அன்றிலிருந்து மனிதர் யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. மஞ்சள் துணி விரித்து, செவ்வாய் வெள்ளி பூ வைக்கிறாள். பின்னால் இருந்ததெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் போட்ட குட்டைப் பலகைகள். அவற்றில் ஒன்றில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தேன். காலியாக இருக்கும் மெத்தை இருக்கையைப் பார்த்துக்கொண்டே அந்த வாரம் முழுக்க ஜொகூரைச் சுற்றினேன்.

முதலில் இடங்களைப் பார்க்கப் போனோம். குளுவாங்கைத் தாண்டினால் இரண்டு பக்கமும் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை. ஒரு மணி நேரம் போனாலும் அதே மரம், அதே வரிசை. எங்கள் ஊரில் ஒரு பொட்டலுக்கும் அடுத்த பொட்டலுக்கும் நூறு வித்தியாசம் சொல்வேன், இங்கே ஒரு மைலுக்கும் அடுத்த மைலுக்கும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

ஆற்றோர இடம் ஒரு மேடு. பழைய லயம் இருந்த இடமாம், புல்லுக்குள் சிமெண்டுத் தரை அங்கங்கே தெரிந்தது. மேட்டுக்குக் கீழே இருபது முப்பது எட்டில் ஆறு. பால் விட்ட டீயின் நிறத்தில், மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு, வேகமாக. என்னுடைய ஆறுகள் மணல். வைகையில் தண்ணீர் வந்தால் நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள். இதைப் பார்த்ததும் இரண்டு எட்டு பின்னால் வந்துவிட்டேன். இதன் பக்கத்தில் கோயிலா என்று கேட்டேன். கணேசன் தலையைச் சொறிந்தார்.

அடுத்தது உள்பக்கத்து இடம். ஆற்றிலிருந்து அரை மைல் கிழக்கே, செம்பனைக்கு நடுவில். தட்டையான நிலம். மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, வண்டிப்பாதை அதற்குள் மேலே காய்ந்திருந்தது. ஓரத்தில் நூல் பிடித்ததுபோல் ஒரு கால்வாய், செடி மண்டிப்போய், தண்ணீர் அசையாமல் கிடந்தது. பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. கணேசன் கால்வாயை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். கூட வந்த கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும் மரத்தைப் பார்த்தார்கள்.

"இங்க சாயங்காலமானா தவளை கத்தும்க்கா. காதே அடைச்சிரும்" என்றாள் சரோஜா.

தவளை எங்கேதான் கத்தவில்லை, என் தங்கை வீட்டுக் குளியலறையிலேயே ஒன்று குடியிருக்கிறது என்றேன். அவளும் சிரித்துவிட்டுப் பேச்சை விட்டுவிட்டாள்.

எனக்கு வேண்டியது அசல் படம். விரலும் குழம்பும் இல்லாத, நிறத்தோடு இருக்கும் தாள். தங்காக்கில் ஒரு பல் டாக்டரிடம் இருப்பதாகக் கணேசன் கேள்விப்பட்டிருந்தார். சிலோன் தமிழர். அவருடைய தகப்பனார் வெள்ளைக்காரன் காலத்தில் நில அளவை உத்தியோகம் பார்த்தவராம், பீரோ நிறையப் பழைய படங்களாம். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கிளம்பினோம்.

பாதி வழியில் வேனின் பக்கக் கதவு கழன்று என் மேல் சாய்ந்தது. "அலமாக்" என்றாள் சரோஜா, அதற்கு மேல் பதற்றப்படவில்லை. நைலான் கயிறு எடுத்துக் கட்டினாள். கட்டு நிற்கவில்லை. "கொஞ்சம் புடிச்சுக்குங்கக்கா, கிட்டத்தான்" என்றாள். முக்கால் மணி நேரம் ஒரு வேனின் கதவைக் குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு போனேன். முன் இருக்கையில் செவந்திப்பூ ஜாலியாக ஆடிக்கொண்டு வந்தது. தங்காக் போனதும் கதவைச் சரிசெய்யப் பட்டறைக்குப் போவாள் என்று பார்த்தால், துணிக்கடைக்குப் போனாள். ஊர் முழுக்கத் துணிக்கடை. திரைச்சீலைக்கு ஒரு பூப்போட்ட துணியை அவள் முடிவு செய்ய ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு கோயிலுக்கு இடம் பார்ப்பதைவிட அதிக யோசனையோடு தேர்ந்தெடுத்தாள். அதை அங்கேயே சொன்னேன். சன்னலுக்குப் போடும் துணியைத் தினமும் பார்க்க வேண்டுமே என்றாள்.

டாக்டர் என்னை நோயாளிகளோடு உட்கார வைத்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு சீன அம்மா எனக்கு எந்தப் பல் என்று சைகையில் கேட்டாள். கடைசி நோயாளியும் போன பிறகு உள்ளே கூப்பிட்டு, முதலில் என் கை நகங்களைப் பார்த்தார், பிறகு கையைக் கழுவச் சொன்னார். புகைப்படம் எடுக்கக்கூடாது, நகல் எடுக்கக்கூடாது, பென்சிலால் வரைந்துகொள்ளலாம் என்றார். மற்றவர்களாக இருந்தால் சண்டை போட்டிருப்பார்கள். படத்தை இப்படிக் காப்பாற்றுகிற மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. ஊரிலிருந்தே மெல்லிய வரைதாள் சுருட்டி எடுத்துப் போயிருந்தேன்.

தாளை விரித்தார். ஒரு மைல் ஓர் அங்குலமாக, எழுபது வருடத்துக்கு முந்தைய நிலம். இதைப் படிப்பதற்கு ஒரு முறை உண்டு. ஊர்ப் பெயரையும் சாலையையும் முதலில் பார்க்கவே கூடாது. பழுப்புக் கோடுகளைப் பார்க்க வேண்டும், அவை சம உயரக் கோடுகள். நெருங்கி வந்தால் சரிவு, விலகிப் போனால் சமவெளி, கூராக மடங்கினால் அந்த மடிப்புக்குள் ஓடை. அதற்குப் பிறகு நீலம். நீலக் கோடு வளைந்து வளைந்து போனால் தண்ணீர் தன் இஷ்டத்துக்குப் போகிறது. நேராகப் போனால் யாரோ போகச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் ஆறு தாளின் கிழக்கு ஓரத்தில் இருந்தது. கறுப்புக் கட்டங்கள் வரிசையாக, அதுதான் லயம், அதாவது ஆற்றோர இடம். அங்கே ஆறு வளையும் இடத்தின் வெளிப்பக்கத்தில் ஒரு நேரான நீலக் கோடு தொடங்கி, கிழக்கே போய், தாளின் விளிம்பில் முடிந்துவிட்டது. உள்பக்கத்து இடம் விளிம்புக்கு அந்தப் பக்கம், அடுத்த தாளில். வேண்டிய இடம் எப்போதும் இரண்டு தாள் சேரும் இடத்தில்தான் விழும். முப்பத்தொரு வருடமும் இதே கதைதான்.

அடுத்த தாள் எங்கே என்று கேட்டேன். டாக்டரின் முகம் மாறியது. "ஒருத்தர் இரவலா கொண்டுபோனவர். திருப்பித் தரேல்லை" என்றார். யார் என்று கேட்டதற்கு, அந்தப் பெயரை இந்த வீட்டில் சொல்வதில்லை என்று சொல்லிவிட்டார்.

பரவாயில்லை, எனக்கு இதுவே போதும் என்று நினைத்தேன். அந்தப் பகுதி முழுவதும் இரண்டு பழுப்புக் கோடுகளுக்கு நடுவில் தட்டையாகக் கிடந்தது, உயரம் தெரியவில்லை. ஆனால் ஆற்றின் வெளிவளைவில் ஒரு நேர்க்கால்வாய் தொடங்கினால் அது என்ன என்று என்னிடம் யாரும் சொல்லித்தர வேண்டாம். தலைமடையை அப்படிப்பட்ட இடத்தில்தான் வைப்பார்கள், தண்ணீர் வந்து மோதும் இடம் அது. அங்கிருந்து உள்நாட்டுக்கு வாய்க்கால் போகிறது. உள்பக்கத்து இடம் அதன் கடைமடை. என் சொந்த ஊரே ஒரு கடைமடைதான். அழகாக வரைந்து, குழலில் சுருட்டினேன்.

வேனில் ஏறும்போது சரோஜா குழலைக் கையிலிருந்து வாங்கி, நேராகக் கொண்டுபோய் அம்மன் சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டாள். எனக்குக் கிடைக்காத மரியாதை என் பென்சில் கோட்டுக்குக் கிடைத்தது. கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

புதன்கிழமை கமிட்டிக் கூட்டம். கோயில் கொட்டகையில் முப்பது பேர் இருந்தார்கள். முதலில் எனக்குச் சால்வை போட்டார்கள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. அந்தப் புழுக்கத்தில் அந்தச் சால்வையோடு நின்றுகொண்டு, வரைதாளை மேசையில் விரித்து எல்லாம் விளக்கினேன். ஆறு, வெளிவளைவு, தலைமடை, கடைமடை. எங்கள் பக்கம் கடைமடைக்காரர்கள் கொடுத்த மனுக்களை மட்டும் அடுக்கினால் இந்தக் கொட்டகை நிறையும் என்றேன். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததாக நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆகையால் உள்பக்கத்து இடம்தான் காய்ந்த இடம், கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுங்கள் என்றேன்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பின் வரிசையில் ஒருவர் இருமினார். ஒரு பெரியவர் எழுந்து, என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்துகொண்டார். "அக்கா படத்துல பாத்துச் சொல்றாங்க" என்றார் கணேசன், கொஞ்சம் தாழ்ந்த குரலில். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அமைதியை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், பெருமையாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை காலை புது இடத்தில் பொங்கல் வைத்தார்கள். கணேசன் கடிதத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பெரிய ஆபீசுக்குக் கிளம்பினார். அது சிம்பாங் ரெங்கத்தில், ஒரு மணி நேரத்துக்கு மேல். நாலரைக்கு மூடிவிடுவார்கள். முந்தின இரவு முழுக்கக் கொட்டியிருந்தது, ஆனால் பெய்யாத ராத்திரியே நான் பார்க்கவில்லை என்பதால் அதைப் பற்றி யோசிக்கவில்லை. பொங்கலில் சீனி, பாயசத்தில் சீனி, குடிக்க வைத்திருந்த சிவப்புத் தண்ணீரிலும் சீனி. எனக்கென்று மல்லிகா தயிர்சாதம் கொண்டுவந்திருந்தாள். சாப்பிட்டு முடித்து, கால்வாய் ஓரம் கை கழுவப் போனேன். பக்கத்தில் நின்ற பெண்பிள்ளை ஒருத்தி தன் வாழை இலையைத் தண்ணீருக்குள் போட்டாள்.

இதுதான் இந்த நாட்டில் சுத்தமா என்று திட்ட வாயைத் திறந்தேன். இலை நகர்ந்தது.

செடிகளுக்கு நடுவில் மெதுவாக, ஒரு பருக்கைக்கூட்டத்தைச் சுமந்துகொண்டு, மேற்கே போயிற்று. மேற்கே ஆறு. நான் என் இலையையும் போட்டேன். அதுவும் மேற்கே. மல்லிகாவின் கையிலிருந்த இலையைப் பிடுங்கிப் போட்டேன். "உனக்கென்ன ஆச்சு" என்றாள்.

எனக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் படித்த கால்வாய் ஆற்றிலிருந்து வரவில்லை, ஆற்றுக்குப் போகிறது. இந்த ஊரில் தண்ணீரைக் கூப்பிட எவனும் கால்வாய் வெட்டமாட்டான். போய்த்தொலை என்று சொல்லத்தான் வெட்டுவான். இது ஒரு சதுப்பு. மரம் நடுவதற்காக அதை வடித்திருக்கிறார்கள். வருடக் கடைசியில் ஆறு பெருகினால் இந்தக் கால்வாய் வடிக்க முடியாமல் நிற்கும், அத்தனை தண்ணீரும் இங்கே, இதே பொங்கல் அடுப்பின் மேல் நிற்கும். நான் கடைமடை என்று சொன்னதுதான் இந்தக் கால்வாயின் தலை. லயம் கட்டினவன் அந்த மேட்டைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. படத்தில் அந்தக் கோட்டுக்கு அம்புக்குறி கிடையாது. வாய்க்கால் வரைந்தால் தண்ணீர் ஓடும் திசைக்கு அம்பு போடாமல் மேசையை விட்டு எழாதே என்று எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களை எத்தனை தடவை விரட்டியிருப்பேன். இங்கே அம்பு இல்லை என்பதையே நான் பார்க்கவில்லை. என் ஊர் அம்பை நானே மனதில் போட்டுக்கொண்டேன்.

கணேசனுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார். மணி இரண்டரை. சரோஜாவிடம் சிம்பாங் ரெங்கம் போகவேண்டும், இப்போதே என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தாள். அவசரத்தில் முன் கதவைத் திறந்துவிட்டேன்.

"பின்னாடிக்கா."

குட்டைப் பலகையில் போய் உட்கார்ந்தேன். மழை பிடித்துக்கொண்டது. எங்களுக்கு முன்னால் செம்பனைப் பழக்குலை ஏற்றிய லாரி ஒன்று, அதற்கு முன்னால் இன்னொன்று. ஒரு வளைவில் ஒரு குலை உருண்டு வந்து எங்கள் சக்கரத்தில் இடித்தது. இறங்கித் தள்ளிவிட்டு ஏறினாள். நான் போன் போட்டபடியே இருந்தேன். முப்பது பேர் கையெழுத்தும், என் சால்வையும், தண்ணீருக்குள் நிற்கும் அம்மனும் மாறி மாறி வந்தார்கள். அழுகை வரவில்லை, என் மேலேயே எரிச்சல்தான் வந்தது.

நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆபீசுக்கு ஓடப்போன என் கையைச் சரோஜா பிடித்து இழுத்து, எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையைக் காட்டினாள். கணேசன் அங்கே உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு டீ, மேலே ஆடை படிந்து, தொடாமல் இருந்தது. கடிதம் சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கே வந்தவர்.

கொடுக்கவில்லையா என்றேன்.

"மனசு வரலக்கா" என்றார். என்னைப் பார்க்காமல் கரண்டியால் டீயைக் கலக்கினார். "சின்னப் புள்ளையில அங்க மீன் புடிச்சிருக்கோம். இடுப்பளவு தண்ணி."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. பின்னே அதை ஏன் ஒருவர்கூட வாயைத் திறந்து சொல்லவில்லை என்று கத்திவிட்டேன். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முப்பது பேரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டேன். எல்லாருக்கும்தான் என்றார். அங்கேதானே வளர்ந்தோம் என்றார். ஊரிலிருந்து ஆபீசர் வந்து, படத்தில் பார்த்து, காய்ந்த இடம் என்று சொல்லும்போது, பழைய தண்ணீர் எங்கேயாவது போயிருக்கும் போல என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்களாம்.

நான் சரோஜாவைப் பார்த்தேன். நீயாவது சொல்லியிருக்கக்கூடாதா என்றேன்.

"தவள கத்தும்னு சொன்னேன்லா" என்றாள். பிறகு, கோபமில்லாமல், "நீங்க எங்களக் கேக்கலையேக்கா. படத்தத்தானே கேட்டீங்க."

அதுதான் அதிகமாக எரிந்தது. அவள் சொன்னது என் காதில் விழாமல் இல்லை. விழுந்தது, நான்தான் குளியலறைத் தவளையைச் சொல்லிச் சிரித்தேன். நான் சொன்னது தப்பு, ஆற்றோர மேடுதான் சரி என்று அந்தக் கடையில், கணேசனிடமும் சரோஜாவிடமும், கூட்டத்தில் சொன்ன அதே சத்தத்தில் சொன்னேன். கணேசன் கமிட்டிக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார். யாரும் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. ஒருவர் மட்டும், அப்பாடா என்றாராம்.

புதுக் கடிதத்தை அந்த மேசையிலேயே எழுதினார். நான் அம்மன் சீட்டில் கிடந்த குழலை எடுத்துவந்து வரைதாளை விரித்தேன். அந்த நேர்க்கோட்டின் மேல், மேற்கே பார்த்து, ஓர் அம்புக்குறி போட்டேன். தாளின் விளிம்பில் கோடு முடியும் இடத்தில், என் ஆபீசில் நாங்கள் படத்துக்கு எழுதும் அந்த உருண்டை எழுத்தில், தமிழிலும் சரோஜாவைக் கேட்டு மலாயிலும் இரண்டு சொல் எழுதினேன்: தவளை கத்தும். இணைப்பு என்று கடிதத்தோடு கோத்தோம்.

நாலரைக்கு ஐந்து நிமிடம் இருந்தது. மேசையில் இருந்த மலாய்ப் பெண் கைப்பையைத் தோளில் மாட்டிவிட்டிருந்தாள். கடிதத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், அந்த இரண்டு சொல்லில் விரலை வைத்து நின்றாள். ஒரு கம்பெனிக்குக் கொடுக்கிற படத்தில் இதை எழுதினோமே என்று எனக்குக் கூசியது. அவள் மலாயில் ஏதோ சொல்லிவிட்டு முத்திரையை எடுத்துக் குத்தினாள்.

என்ன சொன்னாள் என்று வெளியே வந்ததும் சரோஜாவிடம் கேட்டேன்.

தவளை கத்துகிற இடத்தில் வீடு கட்டக்கூடாது என்று எங்கள் கிராமத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், இதற்கு எதற்குப் படம் என்று கேட்டாளாம்.